யாரோ ஒருத்தி பெயரில் வந்த கட்டி

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சதைத் துணுக்குகளைச் சோதிக்கும் லேபில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. மெழுகுக் கட்டியில் புதைத்த சதையை மெஷினில் பொருத்தி, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுப்பது அவள் வேலை. சீவல் கொஞ்சம் சுருங்கினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி சீவுவாள். "பரவாயில்லக்கா, டாக்டர் பாத்துப்பாங்க" என்று சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அங்கே இல்லை.

சொந்தக்காரர்களின் சதையைச் சீவக்கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தவளும் அவள்தான். அடுத்த மெஷின்காரியின் அப்பாவுடையது வந்தபோது, அக்காதான் அதை அவள் தட்டிலிருந்து எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

அதனால்தான் அன்று காலை அடுத்த மெஷின்காரி அக்காவின் தட்டில் கைவிட்டு ஒரு மெழுகுக் கட்டியை எடுத்தபோது, அக்காவுக்குச் சுருக்கென்றது.

"இத நான் பாத்துக்கறேன்க்கா."

"ஏன்? எனக்குக் கை இல்லையா?"

"சும்மாதான்."

அக்காவின் கழுத்தில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. அங்கே இருந்த கட்டியைப் போன வாரம் எடுத்திருந்தார்கள். சாதாரண நெறிகட்டுதான் என்று ரிசல்ட் வந்துவிட்டதாகப் புருஷன் சொன்னார். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாத மனுஷர், அன்றிலிருந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"யாரோடது அது?"

"அதான் பேர் போட்டிருக்கேக்கா."

"யாரோ ஒருத்தி பேர் போட்டிருக்கு. யாரோடதுன்னு கேட்டேன்."

அடுத்த மெஷின்காரியின் கண் கலங்கிவிட்டது. "மாமா வந்து டாக்டர் மேடம்கிட்ட அழுதாருக்கா. தெரிஞ்சா நீங்க ஒடைஞ்சு போயிடுவீங்கன்னு... இந்தக் கடைசி டெஸ்ட் முடியட்டும்னு..."

"நானா ஒடைவேன்? கொண்டா இங்க."

தன் விதியைத் தானே மீறினாள். தன் சதையைத் தானே சீவினாள். முதல் சீவல் சுருங்கியது. தூக்கிப் போட்டாள்.

அந்தக் கடைசி டெஸ்ட், செல் சாவதைத் தடுக்கிற ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று காட்டுவது. இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகும். அது ஒன்றும் வில்லன் இல்லை. நரம்புச் செல்லில் இருக்கிறது, குடல் சுவரின் குழிகளுக்கு அடியில் இருக்கிறது. நெடுநாள் தாக்குப்பிடிக்க வேண்டிய இடங்களில் அது வேண்டும். ஆனால் நெறிகட்டுகிற கணுவுக்குள் உருண்டை உருண்டையாகச் சில வட்டங்கள் உண்டு. அவற்றின் நடுவில் மட்டும் அது இருக்கக்கூடாது. அங்கே தேறாத செல்கள் தாமாகச் செத்து இடத்தைக் காலி செய்ய வேண்டும். சாகாமல் தங்கிவிட்டால் அது புற்று.

ஒவ்வொரு கண்ணாடியிலும் ஓரமாக, யாருடையதோ நல்ல டான்சிலின் சீவல் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க ஒட்டுவது வழக்கம். சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் முதலில் அதைத்தான் பார்த்தாள். வட்டங்கள் நடுவில் வெளிறி, சுற்றிலும் பழுப்பு. பிசகில்லை. கண்ணாடியை நகர்த்தித் தன்னுடையதைப் பார்த்தாள்.

நடுவெல்லாம் பழுப்பு.

பயமாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது பின்னால் டாக்டரம்மாவும், அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வந்த புருஷனும் நின்றிருந்தார்கள். அடுத்த மெஷின்காரி சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது.

"நாளெல்லாம் ஊரார் சதையச் சீவறேன் மேடம். அவங்களுக்கு உண்மை போய்ச் சேரணும்னுதானே? எனக்கு மட்டும் ஏன் பொய்யி?"

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதாம்மா. இது மெதுவா வளர்ற ஜாதி. மருந்து இருக்கு, பல வருஷம் நல்லா இருக்கறவங்க இருக்காங்க. நானே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்..." என்றார் புருஷன்.

"தாங்கறதும் தாங்காததும் என் பாடு. போகச் சொன்னாலும் போகாம உள்ளயே உக்காந்திருக்கு இந்தச் செல்லு. அடம். என்கிட்டயே அடமா? பாத்துடலாம். ஆனா இனிமே என்னப் பத்திப் பேசறதா இருந்தா, நான் இருக்கற எடத்துல பேசுங்க. பாத்திரம் கழுவறத மட்டும் நிறுத்த வேண்டாம்."

அழுதுகொண்டிருந்த மனுஷர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடித் துண்டை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

"பேர மாத்துங்க."

டாக்டரம்மா சட்டைப் பையிலிருந்த பென்சிலை அவளிடமே கொடுத்தார். கண்ணாடியின் ஓரத்தில் இருந்த யாரோ ஒருத்தியின் பெயரை அக்கா அழித்தாள். தன் பெயரை எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது.

அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.