பெருநாளுக்கு ஒரு நாள் லீவு

ஆட்களை நடத்துவது எப்படி என்று எனக்குப் பாடம் எடுத்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் பெட்ஷீட் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அவர் சென்னையிலிருந்து புதிதாக வந்த எச்.ஆர். மேனேஜர். சாப்பாட்டுக் கூடத்தில் திரை கட்டிப் படம் போட்டுக் காட்டினார். நல்ல தலைவர் முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றார். நான் ஏதோ கேட்க எழுந்தபோது, கேள்வியெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் மேடம் என்று உட்கார வைத்துவிட்டார். கடைசியில் டீயும் பன்னும்தான் வந்தன.

எனக்கு இந்த வேலையை யாரும் படம் போட்டுச் சொல்லித்தரவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவளை எழுப்பி ஒரு லைனைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். என் லைனில் எல்லோரும் பெண்கள். அவர்களிடம் வேலை வாங்குவதில் பாதி, லீவு கொடுக்கத் தெரிவது. இந்தப் பக்கம் திருவிழாவை நோம்பி என்பார்கள். ஊருக்கு ஊர் ஒரு மாரியம்மன் நோம்பி வரும். ஆடிப்பெருக்கு வந்தால் பாதி லைன் பிள்ளைகுட்டிகளோடு ஜேடர்பாளையம் அணையில் நிற்கும். லீவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். அதனால் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தேன். உன் நோம்பிக்கு அவள் இருப்பாள், அவள் நோம்பிக்கு நீ இரு. எல்லாம் வாய்ப்பேச்சுதான். என் வாய்க்கு அங்கே அத்தனை மதிப்பு இருந்தது. முதலாளியும், "நீ பாத்துக்க சாமி" என்று விட்டிருந்தார்.

இந்த ஏற்பாட்டைத் தாங்கியவள் செக்கிங் மேசையில் நின்ற ஒருத்தி. எல்லோரும் பாயம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஆடிப்பெருக்கா, பாயம்மா இருப்பாள். காணும் பொங்கலா, பாயம்மா இருப்பாள். நான் வேதக்காரி. பெரிய வெள்ளிக்கிழமை மதியம் நான் கோயிலுக்குப் போனபோது லைனைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

நோன்பு மாதம் பாதி போயிருந்தபோது என்னிடம் வந்தாள். அப்போதுதான் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தாள். தலைப் பெருநாளுக்கு மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் விருந்துக்கு வர வேண்டும்.

"அக்கா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் உட்டுருங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க."

"இதக் கேக்கவே வேண்டாம். மாப்பிள்ளைய வரச் சொல்லு" என்றேன்.

அந்த மாதம் பார்த்து, செல்போனில் லீவு கேட்கும் முறையை மேனேஜர் கொண்டுவந்தார். ஒரு வாரம் முன்னதாகவே தேதியைப் போட வேண்டும். பிறை தெரிந்தால்தான் பெருநாள் என்பது செல்போனுக்குத் தெரியுமா? வெள்ளியாகவும் இருக்கலாம், சனியாகவும் இருக்கலாம் என்றாள் பாயம்மா. இரண்டு நாளும் போட்டுப் பார்த்தோம், ஏற்கவில்லை. வெள்ளி என்று போட்டோம். பச்சை டிக் வந்தது.

வியாழன் சாயங்காலம் பிறை தெரியவில்லை. பெருநாள் சனிக்கிழமைக்குப் போய்விட்டது. லீவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை நோன்போடு வேலைக்கு வந்துவிட்டாள். அவளுடைய லீவைச் சனிக்கிழமைக்கு மாற்றித்தரச் சொல்லி மேனேஜரிடம் போனேன்.

"தேதி மாத்தறதுக்கும் ஒரு வாரம் வேணும் மேடம். நாளைக்குக் கன்டெய்னர் வேற ஏத்தறோம்."

"அவ மேசைல நான் நிக்கறேன் சார்."

"ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணும். லீடர்னா எல்லாரையும் ஒண்ணாப் பாக்கணும். நாளைக்கு வரலேன்னா திங்கக்கிழமை கேட்டுக்குள்ள விட மாட்டேன். சொல்லிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் நோம்பிக்கெல்லாம் நின்றவளை அன்றைக்கு ஒன்றாகப் பார்த்தார்களா? முதலாளியிடம் ஓடினேன். அவர் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டே, "எல்லாத்தையும் அந்தத் தம்பி கைல உட்டாச்சு. அவரையே கேட்டுக்க சாமி" என்றார். அதே சாமிதான். இந்த முறை அதற்கு, போய் வேலையைப் பார் என்று அர்த்தம்.

செக்கிங் மேசைக்குப் போய்ச் சொன்னேன். கையிலிருந்த பெட்ஷீட்டை மடித்தபடியே கேட்டுக்கொண்டாள். வீட்டில் அவள் சம்பாத்தியம் ஒன்றுதான். வர மாட்டேன் என்று சொல்லும் நிலை இல்லை.

"உங்கள நம்பித்தான்க்கா மாப்பிள்ள ஊட்டுல சொன்னேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சனிக்கிழமை விடியுமுன்பே பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டு முதல் வேனில் வந்துவிட்டாள். விருந்தாளியாக உட்கார வேண்டிய மகளே எழுந்து எல்லோருக்கும் பரிமாறினாளாம். "உங்கம்மாவுக்கு எங்களவிட வேலதான் பெரிசாப் போச்சா?" என்று சம்பந்தியம்மாள் கேட்டதாக வேறு யார் மூலமோ தெரிந்துகொண்டேன். அன்று கன்டெய்னர் நேரத்துக்குக் கிளம்பியது. மேனேஜர் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் அதே சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அந்த மாதம் ஒருவர்கூட லீவு எடுக்காத லைன் எங்களுடையது என்று கண்டுபிடித்து, சிறந்த டீம் லீடர் என்று எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஆட்களை எப்படி இவ்வளவு நன்றாக நடத்துகிறீர்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மேனேஜர் மைக்கை நீட்டினார். பாயம்மாவின் பெருநாள் கதை நாக்கு நுனிவரை வந்தது. எனக்கும் மகன் படிப்பு இருக்கிறது. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். பாயம்மாவும் தட்டினாள், மற்றவர்கள் நிறுத்தும்வரை தட்டினாள். அவள் சும்மா இருந்திருந்தால் நான் எப்படியாவது மறந்திருப்பேன்.