ஒருசந்தி நாளில் எடுத்த பல் அச்சு

என் முன்பற்கள் இரண்டும் போனதற்குக் காரணம் நைலோன் நூல். பள்ளிமுனையில் வலைச்சாமான் கடை வைத்திருக்கிறேன். கத்தரிக்கோல் கையெட்டும் தூரத்தில்தான் தொங்குகிறது. ஆனாலும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தால்தான் எனக்கு வியாபாரம் செய்த மாதிரி இருக்கும். "கத்தரிக்கோல் என்ன அலங்காரத்துக்கோ?" என்று மனைவி கேட்காத நாளில்லை. மாரி தொடங்கிய காலத்தில் ஒருநாள் தடித்த நூலொன்றைக் கடித்தேன். நூல் அப்படியே இருந்தது, பல் பாதியில் உடைந்தது. பக்கத்துப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டையும் பிடுங்கவேண்டி வந்தது.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். சொல் போனதைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. கடையில் விலை சொல்ல விரல் போதும். பாட்டுப் போனதுதான் பெரிய கவலை. தவக்காலத்தில் எங்கள் கோயிலில் பசாம் பாடுவோம். ஆண்டவருடைய பாடுகளை ஒப்பாரி போல இழுத்து இழுத்துப் பாடுவது. பெரிய வெள்ளியன்று மாதா மகனைத் தேடிப் புலம்பும் இடம் பல வருடங்களாக என்னுடையது. அதைப் பாடும்போது நான் கடைக்காரன் இல்லை. பாடி முடித்துக் கீழே வந்தால் கிழவிகள் என் கையைப் பிடித்தால் விடமாட்டார்கள். அந்தப் பாட்டிலோ சேசுவும் சிலுவையும் சஞ்சலமும் அடிக்கு அடி வரும். முன்பல் இல்லாதவன் 'சிலுவை' என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். பாதி காற்றாகவே போய்விடும்.

கோயில் மூப்பர் நல்ல மனிதர். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "பெரிய வெள்ளிக்கு முதல் பல்லுச் சரிவந்தால் நீங்கதான் பாடுறியள். சரிவராட்டி இந்த ஒருக்கா உங்கட மச்சான் பாடட்டும்."

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நன்றாகப் பாடுவான். அதுதான் பிரச்சினை. ஒருமுறை அவன் பாடிவிட்டால் அடுத்த வருடம் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

பல் பிடுங்கிய முரசு, அதாவது ஈறு, ஆறும்வரை பொறுத்திருந்துவிட்டு, மன்னார் நகரில் பின்னேரங்களில் பல் பார்க்கும் டொக்டரிடம் போனேன். எருக்கலம்பிட்டிப் பிள்ளை. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது குடும்பம் மன்னார்த் தீவை விட்டுப் போனபின் புத்தளத்தில் பிறந்தவர். படித்து முடித்துத் தாயையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். வாயைப் பார்த்துவிட்டு, "பிரிட்ஜ் போடுவம் அங்கிள்" என்றார். இடைவெளிக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைத் தேய்த்துத் தூண்களாக்கி, நான்கு பற்களும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு துண்டை அந்தத் தூண்களில் மாட்டி ஒட்டுவதாம். வீட்டில் வந்து சொன்னேன். "தீவுக்கு ஒரு பாலம் காணாதெண்டு உங்கட வாய்க்குள்ள இன்னொண்டோ" என்றாள் மனைவி.

முதல் நாளே டொக்டர் ஓர் அச்சு எடுத்தார். ரப்பர் கிண்ணத்தில் இளஞ்சிவப்புத் தூளைப் போட்டு, தண்ணீர் விட்டு, தட்டைக் கரண்டியால் கிண்ணத்தின் சுவரோடு தேய்த்துத் தேய்த்துக் குழைத்தார். குதிரை லாடம் போன்ற ஒரு தட்டில் அதை நிரப்பி என் மேல்வாயில் அமுக்கினார். மிண்ட் வாசம் மூக்கில் ஏறியது. கூழாக இருந்தது கொஞ்ச நேரத்தில் இறுகிய வட்டிலப்பப் பதத்துக்கு வந்துவிட்டது. இழுத்து எடுத்ததும் நான் கதிரையிலிருந்து எழும்பி அதைத்தான் பார்த்தேன். பல் உள்ள இடமெல்லாம் குழி. பல் இல்லாத இடம் மேடு. சொந்த வாயை இப்படிப் புறம் மாறிப் பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது, ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"இது என்ன சாமான் டொக்டர்?"

"கடல்பாசியில இருந்து எடுக்கிறது அங்கிள். உடன பிளாஸ்டர் ஊத்தவேணும். வச்சிருந்தாக் காய்ஞ்சு சுருங்கிப்போகும். பிறகு உங்கட வாய்க்கும் அதுக்கும் சம்பந்தமிருக்காது."

கடல்பாசி! எந்தப் பாசி என்று கேட்டேன். பழுப்பு நிறப் பாசி என்றார். காற்று மாறும் காலத்தில் கரை முழுக்க ஒதுங்குவதும், வலையில் சிக்கி என் வாடிக்கைக்காரரைத் தூஷணம் பேச வைப்பதும் அந்த நிறப் பாசிதான். அன்று இரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. விடிந்ததும் கரைக்குப் போய் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தேன். கழுவி, கூரைத் தகரத்தில் காயப்போட்டு, மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய பிளெண்டரில் போட்டு அரைத்தேன். தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அது இறுகவில்லை. நாறியது. தேங்காய் மூடியில் நிரப்பி அச்செடுக்கப் பார்த்தேன், வழிந்து போனது. மனைவி வந்து பிளெண்டரைத் திறந்து பார்த்தாள். அவள் அன்று சொன்னதை எழுத முடியாது. கிறிஸ்தவள் தவக்காலத்துக்கு முந்தின வாரத்தில் பேசக்கூடிய பேச்சில்லை.

அடுத்த முறை போனபோது டொக்டரிடம் இதைச் சொன்னேன். முகமூடிக்கு மேலே அவருடைய கண்கள் சிரித்தன. பாசியை அப்படியே அரைத்தால் வராதாம். அதிலுள்ள பசையை மட்டும் பிரித்தெடுத்து, அதைக் கெட்டியாக்க இன்னொரு உப்பும் சேர்த்துத்தான் அந்தத் தூள். "சும்மா பாசி இறுகிறதெண்டா மன்னார்க் கடலே எப்பவோ இறுகியிருக்கும் அங்கிள்" என்றார். அந்தப் பதில் எனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

பற்களைத் தேய்த்தபின் அந்தப் பாசி அச்சில் ஊற்றிய பிளாஸ்டரைக் கொண்டே ஒரு தற்காலிகப் பிளாஸ்டிக் பல் செய்து மாட்டிவிட்டார். சோறு தின்ன ஆகும், பாட்டுக்கு ஆகாது. ஒருநாள் கோயிலில் பாட்டுப் பழகும்போது உரத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பல் கழன்று திறந்திருந்த புத்தகத்தின்மேல் விழுந்தது. மச்சான் அதைத் தன் சட்டைப்பை லேஞ்சியால் எடுத்து, துடைத்து, வெகு மரியாதையாக என்னிடம் தந்தான். அவன் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திராது.

அந்த வருடம் எங்கள் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பும் ஒன்றாக வந்தன. பிரிட்ஜுக்கான உண்மையான அச்சு எடுக்க டொக்டர் குறித்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு ஒருசந்தி. அதாவது ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கும் நாள். அவருக்கு நோன்பு. பின்னேர வெயிலில் மின்விசிறி சூட்டைத்தான் சுற்றி அடித்தது. டொக்டர் தொண்டை வறண்டு, குறைத்துப் பேசினார்.

இந்தமுறை பாசி இல்லை. பாசி அச்சு, பல் செய்கிற கொழும்பு லாப்வரை தாங்காதாம். இரண்டு டப்பாக்களில் இரண்டு நிறக் களி. இரண்டிலும் சம அளவு எடுத்து, ரொட்டி மாப் பிசைகிற மாதிரி இரண்டும் ஒரே நிறமாகும்வரை விரலால் பிசைந்தார். வெக்கைக்கு அது கெதியாய் இறுகுமாம், அதனால் கைவேகம் வேண்டும். அதற்கு முன் தேய்த்த பற்களைச் சுற்றி, முரசுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு நூலைச் செருகினார். முரசை விலக்கிப் பல்லின் விளிம்பைக் காட்டத்தானாம். என் கடையில் எத்தனையோ ரக நூல் இருக்கிறது, இவ்வளவு மெல்லிய பின்னல் நூலை நான் கண்டதில்லை. விலை கேட்கலாமென்று வாயைத் திறந்தேன். வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

நூலை உருவி எடுத்துவிட்டு, விசையை அமுக்குகிற துவக்கு மாதிரி ஒன்றால் பற்களைச் சுற்றி மெல்லிய பசையைப் பீச்சினார். மேலே களி நிரப்பிய தட்டை வைத்து அமுக்கினார். "அசையாதேங்கோ."

அப்போதுதான் எனக்கு அந்த மிண்ட் ஞாபகம் வந்தது. இதிலும் ஏதோ இனிப்பு வாசம் அடித்தது. நாக்கில் பட்டு, சுவை தொண்டைக்குள் இறங்கினால் ஒருசந்தி முறிந்துவிடுமே! நாக்கை உள்ளே இழுத்தேன். முடிந்த மட்டும் இழுத்தேன். எச்சில் ஊறிக் குளமாக நின்றது. விழுங்கவும் பயம், துப்பவும் வழியில்லை. தொண்டையைக் கல்லாக்கிக்கொண்டு கிடந்தேன். கடைசியில் ஒரு சின்னத் திமிறல் வந்தது. அவ்வளவுதான். டொக்டர் அச்சை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பெல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. நல்ல அச்சு என்றார். அது கொழும்புக்கு பஸ் ஏறியது.

கொழும்பிலிருந்து வந்த பிரிட்ஜ் என் வாயில் இருக்கவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் கிளம்பியது. டொக்டர் அதைக் கழற்றி, பிளாஸ்டர் அச்சில் வைத்தார். அச்சில் கனகச்சிதமாக இருந்தது. மீண்டும் என் வாயில் வைத்தார். ஆடியது.

"இது வேற ஒருத்தற்ற வாய் மாதிரி இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அங்கிள், அச்சு எடுக்கேக்க அசைஞ்சனீங்களோ? மயிரளவு அசைஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆனா பல்லுக்குத் தெரியும்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நாக்கை இழுத்தது, எச்சில், ஒருசந்தி.

அவர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "எங்கட நோன்பில வாய் கொப்பளிச்சாலும் முறியாது அங்கிள், விழுங்கினாத்தான் முறியும். உங்கட ஒருசந்தியில எப்பிடி?"

 சின்ன வயதிலிருந்து பிடிக்கும் விரதம், இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதேயில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு நேரம் வயிறு நிறையச் சாப்பிடலாம் எண்டிருக்கிற விரதம். நீங்க ஒரு வாசத்துக்குப் பயந்து பல்லைக் கெடுத்துப்போட்டு வந்து நிக்கிறியள்."

பெரிய வெள்ளி நெருங்கிவிட்டது. மூப்பர் மச்சானைத் தயாராக இருக்கச் சொன்னார். பின்னேரங்களில் அவன் மாதாவின் புலம்பலைப் பழகுவது எங்கள் குசினிவரை கேட்டது. நன்றாகத்தான் பாடினான். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

இரண்டாவது அச்சு எடுத்த அன்று களியைப் பிசைந்துகொண்டே டொக்டர் சொன்னார். "மூக்கால மூச்சு எடுங்கோ. எச்சில் வந்தா மெதுவா விழுங்குங்கோ, நாக்கைச் சும்மா விடுங்கோ. மனசை வேற எங்கயாவது கொண்டுபோங்கோ. நீங்க பாடுறனீங்கள்தானே? உள்ளுக்குள்ள பாடுங்கோ."

தட்டை வாயில் அமுக்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, மாதா மகனைத் தேடும் இடத்தை மனசுக்குள் எடுத்தேன். சத்தமில்லாமல் அதைப் பாடியது அதுவே முதல் தடவை. மூச்சு எடுக்க அவசரமில்லை, கேட்க ஆளில்லை, மச்சான் இல்லை. தாய் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு போகிறாள். அவளோடு நானும் போனேன். கடைசி அடி முடியும்போது, "சரி அங்கிள்" என்று ஒரு குரல் கேட்டது. அச்சு இறுகியிருந்தது. என் கன்னம் ஈரமாக இருந்தது. டொக்டர் ஒரு டிஷ்யூவைத் தந்துவிட்டு அச்சைப் பார்க்கத் திரும்பினார்.

பெரிய வெள்ளி வருகிற பெரிய கிழமையில், புதன் பின்னேரம், புது பிரிட்ஜ் வந்தது. வைத்ததும் 'டிக்' என்று இருந்துவிட்டது. ஆடவில்லை. டொக்டர் அதைக் கழற்றக்கூடிய மாதிரி மெதுவான பசையால்தான் ஒட்டினார். "பாடிப் பாத்திட்டுத் திங்கட்கிழமை வாங்கோ. எங்கயாவது இடைஞ்சல் எண்டாத் திருத்திப்போட்டு நிரந்தரமா ஒட்டுவம்" என்றார்.

பெரிய வெள்ளியன்று நான்தான் பாடினேன். சேசு முழுசாக வந்தார், சிலுவை முழுசாக வந்தது. ஒலிபெருக்கி கடற்கரைவரை கொண்டுபோனது. முடிந்ததும் கிழவிகள் கையைப் பிடித்தார்கள். மூப்பர் தோளில் தட்டினார். மச்சான் வந்து, "அத்தான், இது உங்கட இடந்தான்" என்றான். அவன்மேல் பொறாமைப்பட்டதை நினைத்து வெட்கப்பட்டேன். ஓரிடத்தில் மட்டும் நாக்கு உள்பக்கம் இடித்து 'ச' கொஞ்சம் தடித்தது எனக்குத் தெரியும். வேறு ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கதிரையில் சாய்ந்ததும் டொக்டர் சொன்னார். "வெள்ளிக்கிழமை கேட்டனான் அங்கிள். வீட்ட போற வழியில நோன்பு திறக்கிற நேரமாப் போச்சு. உங்கட கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளிக் காரை நிப்பாட்டி, பேரீச்சம்பழத்தக் கடிச்சுக்கொண்டு கேட்டனான்."

எனக்குத் தலைகால் தெரியவில்லை. "அழுதீங்களோ டொக்டர்?" என்று கேட்டே விட்டேன். வயதுக்கேற்ற கேள்வி இல்லை.

"இல்ல அங்கிள். நான் உங்கட 'ச'வைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன். அந்தத் தாய் தேடுற இடத்தில நாக்கு இடிக்குது. உள்பக்கம் கொஞ்சம் தேய்க்கவேணும்."

ஊரே அழுத இடத்தில் இந்தப் பிள்ளை என் பல்லைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது! கோபம்தான் முதலில் வந்தது. அது முழுசாக வருவதற்குள் சந்தோஷம் வந்துவிட்டது. அவ்வளவு சனத்தில் எனக்குத் தெரிந்தது இன்னொருவருக்கும் தெரிந்திருந்ததே.

பிரிட்ஜைக் கழற்றித் தேய்த்து, மினுக்கி, மீண்டும் மாட்டினார். "இப்ப அந்த இடத்தைப் பாடுங்கோ. நான் கேட்கிறன்."

மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, கதிரையில் சாய்ந்தபடி, உரக்காமல் பாடினேன். அச்சு இறுகும்வரை மனசுக்குள் பாடினேனே, அந்த மாதிரி. தாய் தேடிக்கொண்டு போனாள். நாக்கு எங்கேயும் இடிக்கவில்லை. கடைசி அடியை இழுத்து முடித்துவிட்டுக் காத்திருந்தேன். டொக்டர் கருவியைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"'ச' எப்பிடி டொக்டர்?"

அவர் திரும்பிப் பார்த்தார். முகமூடியின் மேல் ஓரம் நனைந்திருந்தது.

"நான் கவனிக்கேல்ல அங்கிள்" என்றார். "இன்னொருக்காப் பாடுங்கோ."