வகுப்புக்கு வந்த கஜுப் பழம்

நாலாம் வகுப்பில் ஒருநாள் முழுவதும் என்னைப் பொய்க்காரி என்றார்கள். நகரத்து வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்குக் கஜு என்றால், அதுதான் முந்திரி, கடையில் பைக்கற்றில் தொங்குவது, மிஞ்சினால் பொங்கலுக்குள் கிடப்பது. அது மரத்தில் காய்க்கும் என்று சொன்னதோடு நான் வாயை மூடியிருக்கலாம். கொட்டை பழத்துக்குள்ளே இருக்காது, வெளியே அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றும் சொல்லிவிட்டேன்.

"அப்ப உங்கட வீட்டில சேட்டுக்கு மேலயோ பெனியன் போடுறவை?" என்றாள் கடைசி வரிசையில் இருந்த பின்வாங்குக்காரி. வகுப்பே சிரித்தது. ரீச்சரும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கொண்டந்து காட்டும், நம்புறம்" என்றார் ரீச்சர்.

உண்மையில் நானும் அந்தப் பழத்தைக் கண்டதில்லை. முல்லைத்தீவில் பிறந்து, சின்ன வயதில் அந்த மரங்களில் ஏறி விளையாடிய அப்பா சொல்லித்தான் தெரியும். அப்பா சொன்னது பிழையாக இருக்கவே முடியாது. வீட்டுக்கு வந்து அழுதேன், சாப்பாட்டையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு அழுதேன். அப்பா, தான் வேலை செய்த களனி என்ற ஊரில் யாரோ ஒருவருடைய வளவில் மரம் நிற்பதாகச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தினார்.

மறுநாள் அப்பா வழமையான பஸ்ஸில் வரவில்லை. அம்மா கேற்றடிக்கும் வீட்டுக்குமாக நடந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா வந்து, கொட்டையோடு ஒரு சிவந்த பழத்தை மேசையில் வைத்தார்.

"ரெண்டு கிடைச்சது. ஒண்டு வழியில முடிஞ்சுது. கொட்டையை மட்டும் கடிச்சுப் போடாதை பிள்ளை, பச்சைத் தோலில இருக்கிற எண்ணெய் வாயை அவிச்சுப் போடும்."

காலையில் பார்த்தால் அப்பாவின் உதடுகள் வீங்கிக் கொப்பளித்திருந்தன. எனக்குச் சொல்லிவிட்டு நீங்களே கடிச்சனீங்களோ என்று கேட்டேன்.

"ஆசை விடேல்லை" என்றார்.

அன்று பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்புகளும் பார்க்க வந்தன. பழம் கைக்குக் கை போனது. பின்வாங்குக்காரி அதை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். ரீச்சர் அதைத் தூக்கிப் பிடித்து, "இவ சொன்னதுதான் சரி" என்றார். மரத்தை நானே நட்டு வளர்த்தவள் போல நிமிர்ந்து நின்றேன். அந்த உற்சாகத்தில், ஆசைப்பட்டுக் கொட்டையைக் கடித்த அப்பாவின் வாயையும் உதட்டைப் பிதுக்கி நடித்துக் காட்டினேன். பின்னேரம் அதை வீட்டிலும் செய்தேன். அப்பா உதட்டைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா மட்டும் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அம்மாவுக்குப் பகிடி விளங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வளர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னார். சண்டை நடந்த காலம் அது; வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்திருக்கிறார்கள். அப்பாவின் அடையாள அட்டையில் பிறந்த இடம் முல்லைத்தீவு, பையில் அந்த இளம் சிப்பாய் கண்டிராத ஏதோ ஒரு சாமான். கஜு என்று அப்பா சிங்களத்தில் சொன்னதை, எங்கள் வகுப்பைப் போலவே, அவனும் நம்பவில்லை. அப்பாவை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு, அப்படியென்றால் அந்தக் கொட்டையைக் கடித்துக் காட்டு என்றானாம்.

"ரெண்டையும் எறிஞ்சுபோட்டு வந்திருக்கலாம். பிள்ளைக்கு நாளைக்கு வேணுமெண்டு ஒண்டைக் கடிச்சவர்" என்றார் அம்மா.

வாய் வேகும் என்று தெரிந்தே கடித்த அப்பாவை நினைக்க எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அன்று அந்த வாயை நான் நடித்துக் காட்டியபோது, "இன்னொருக்காச் செய், பாப்பம்" என்று கேட்டவரும் அவர்தான். நானும் செய்தேன்.