அம்மாவின் ஞானோபதேச வகுப்பு

அம்மா ஞானோபதேசம் படிக்கப் போன ஆண்டில் எனக்கு ஒன்பது வயது. அப்பா பரம்பரையாக யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்; அம்மா சைவக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியின் வுப்பர்டால் நகருக்கு வந்த சில ஆண்டுகளில், ஞானஸ்நானம் பெற வேண்டுமென்று அவர் தாமாகவே கேட்டார். வளர்ந்தவர்கள் ஓராண்டு வகுப்பில் இருக்க வேண்டும். ஆயத்தமானவர் என்று குருவானவர் கண்டால்தான் உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவில் திருநீர் வார்ப்பார். பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு எனக்கு முதல் நன்மை, அதாவது முதன்முறை திருவப்பம் வாங்கும் நாள். அம்மா தேறினால் இருவரும் சேர்ந்தே நன்மை வாங்கலாம். தேறாவிட்டால் நான் மட்டும் போக வேண்டும்.

அம்மாவுக்கு ஜெர்மன் போதாது. ஆகவே செவ்வாய்தோறும் மாலையில் நானே மொழிபெயர்ப்பாளர். புறப்படும்போது என் மிடுக்கைக் கண்டு, “பிஷப் அம்மா வெளிக்கிட்டிட்டாவோ?” என்று அப்பா கேலி செய்வார்.

தவக்காலத்தில் ஒருநாள் குருவானவர் அம்மாவிடம் நேரே கேட்டார்: அப்பத்தின் வடிவில் ஆண்டவர் மெய்யாகவே எழுந்தருளியிருக்கிறார் என்று நம்புகிறீர்களா?

அம்மா தம் கைகளைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“எனக்கு இன்னும் முழுக்க விளங்கேல்லை. ஆனா எல்லாரும் நன்மைக்கு எழும்பிப் போகேக்க, நான் மட்டும் கோயில் வாங்கில தனிய இருக்க ஏலாமல் கிடக்கு.”

விளங்கவில்லை என்று சொன்னால் யார் தேர்ச்சி தருவார்? என் முதல் நன்மைப் புத்தகத்தில் மனனம் செய்திருந்த விடையை, ஒரு சொல்லும் பிசகாமல், நீளமாக ஒப்புவித்தேன்.

குருவானவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உன் அம்மா இவ்வளவு பேசவில்லையே. அவர் சொன்னதை மட்டும் சொல்.”

அழுதுகொண்டே உள்ளதைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மீண்டும் மாட்டிக்கொண்டார். பின்பு, பாஸ்காவில் ஞானஸ்நானத்துக்கு அம்மாவை வெள்ளை உடை எடுக்கச் சொன்னார்.

“என்னவாம்?” என்றார் அம்மா, என் கண்ணீரைத் துடைத்தபடி. சொன்னதும் அவர் கை என் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

வீடு திரும்பும்போது ஆற்றின் மேல் ஓடும் தொங்குரயிலில் எனக்கு ஆற்றாமை பொங்கியது. “உங்களுக்கு ஒரு மறுமொழியும் தெரியாது. ஆனாப் பாஸ் பண்ணிட்டியள்!”

“ஓம் பிள்ளை, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே,” என்று அம்மா சிரித்தார்.

அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன். பாஸ்கா கழிந்த ஞாயிறன்று அவர் கையைப் பற்றிக்கொண்டு பலிபீடத்தை நோக்கி நடந்தேன். நான்தான் அம்மாவை அழைத்துப் போகிறேன் என்று அன்று நினைத்திருந்தேன்.