பெயர் இல்லாத பட்டன்கள்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராகவும் இருந்தேன். ‘இருந்தேன்’ என்று எழுதும்போது இன்னமும் வாய் கசக்கிறது.

காலையில் பெயர் கூப்பிடுவது எனக்குப் பிடித்த வேலை. எல்லாப் பெயரும் மனப்பாடம். ‘உள்ளேன் ஐயா’ என்கிற குரலிலேயே யாருக்குச் சளி, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வகுப்புத் தலைவி பதிவேட்டில் குறிப்பாள், நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு புகார் வந்ததில்லை.

பிறகு, வருகையைச் செல்போன் செயலியில்தான் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி என் போனில் இருக்கிறது. வங்கி வேலை, செய்தித்தாள் எல்லாம் அதில்தான். இனி இதற்கு யாருடைய கண்ணும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு செயலியைத் திறந்தேன். மாணவர் பெயரை வாசித்த போன், அடுத்த இடத்தில் விரலை வைத்ததும் “பட்டன், பெயர் இல்லை” என்றது. அதற்கடுத்தும் “பட்டன், பெயர் இல்லை.” வந்தாரா, வரவில்லையா என்று குறிக்கும் இரண்டு பட்டன்கள் அவை. பார்க்கிறவர்களுக்குப் பச்சையும் சிவப்பும் போதும் என்று விட்டுவிட்டிருந்தார்கள். தொட்ட பிறகும் எது பதிவானது என்று அது சொல்லவில்லை.

கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. பயிற்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். பயிற்சி கொடுத்தவர், “பக்கத்துல இருக்கற டீச்சர்கிட்ட குடுத்தா போட்டுத் தருவாங்களே சார்” என்றார். பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

கடைசியில் கணக்கு டீச்சரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டேன். முதலில் வருவது ‘வந்தார்’, அடுத்தது ‘வரவில்லை’. அந்த வரிசையை நம்பி நானே போட்டுவந்தேன். அந்த நாட்களில்தான் மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு நாமக்கல்லுக்கு அழைத்துப்போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். என் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பேசவைத்தார்கள். கூட்டம் கைதட்டியது. பெயர் இல்லாத பட்டன்களைப் பற்றி நான் பேச்செடுத்ததும் மைக் வேறு கைக்குப் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை செயலி புதுப்பிக்கப்பட்டிருந்தது. பட்டன்கள் இடம் மாறியிருந்ததை யாரும் சொல்லவில்லை. வழக்கம்போலப் போட்டுவிட்டு மண்வளப் பாடத்தைத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றார். கோழிப்பண்ணையில் வேலை செய்பவர். தீவன வாசம் அவரோடு வந்தது.

“ஏனுங்க சார், எம் புள்ள பள்ளிக்கொடம் வரலைன்னு மெசேஜ் வந்திருக்குதுங்க. காலைல நாந்தானுங்க பஸ் ஏத்தி உட்டேன். எங்கீங்க எம் புள்ள?”

“அம்மா, நான் இங்கதான் இருக்கேன்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. அந்த அம்மா ஓடிப்போய் மகளைப் பளீரென்று ஓர் அடி அடித்தார். பிறகு கட்டிக்கொண்டு அழுதார். அதற்குள் வெளியே இன்னும் பலர் வந்துவிட்டார்கள். மஞ்சள் காட்டிலிருந்து, மரவள்ளிக் கிழங்கு மில்லிலிருந்து, போட்டது போட்டபடி வந்தவர்கள். வகுப்பு முழுவதும் வரவில்லை என்று பதிவாகி, எல்லா வீட்டுக்கும் செய்தி போயிருந்தது.

தலைமையாசிரியை வந்து சமாதானம் சொன்னார். அந்த அம்மா அவரிடம், நான் பக்கத்தில் நிற்பதை மறந்தவர்போல, “கண்ணு தெரியாதவிங்கள எதுக்குங்க இந்த வேலைக்கு உடறீங்க?” என்றார். பட்டன் இடம் மாறிப்போச்சு என்றேன். யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்குமே அது சாக்கு மாதிரிதான் கேட்டது.

மறுநாள் தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார். “சங்கடப்படாதீங்க சார். உங்களுக்குச் சிரமம் வேண்டாமுன்னுதான் ஏழாம் வகுப்ப கணக்கு டீச்சர்கிட்ட குடுத்திருக்கேனுங்க. நீங்க பாடத்த மட்டும் நடத்துங்க, போதும்.”

“தப்பு அந்தச் செயலியில இருக்குதுங்க மேடம். அதச் சரி பண்ணச் சொல்லி நீங்க ஒரு வரி மேல எழுதலாமுங்களே.”

“எழுதறேனுங்க சார்” என்றார். எழுதினாரா என்று தெரியாது.

சில மாதங்கள் கழித்து அடுத்த புதுப்பிப்பு வந்தது. பழக்கத்தில் திறந்து பார்த்தேன். “வந்தார், பட்டன்” என்றது போன். “வரவில்லை, பட்டன்.” தெளிவாக, நல்ல தமிழில். நேராகத் தலைமையாசிரியையிடம் போய், இப்போது நானே தவறில்லாமல் போடுவேன், என் வகுப்பைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன்.

“இப்ப எதுக்குங்க சார், எல்லாம் ஒழுங்காத்தான போய்க்கிட்டிருக்குது?” என்றார் அன்பாக.

அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இந்த ஆண்டு ஓமலூர்ப் பக்கம் இடமாறுதல் கேட்டிருக்கிறேன். அங்கே மட்டும் ஒரு வகுப்பை நம்பி என் கையில் கொடுப்பார்களா என்று தெரியவில்லை.