இடது பின் சக்கரம்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் செந்துறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கார் டிரைவராக இருந்தேன். சொந்த ஊர் பெரம்பலூர். லாரியில் கிளீனராகப் போய், வண்டி ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கி, இருபத்துமூன்றாவது வயதில் அந்த வேலையில் சேர்ந்தேன். கார்க்காரர் கத்தோலிக்கக் குடும்பத்து நிலக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் மனைவியும்தான். அவர்களை ஐயா, அம்மா என்றே கூப்பிட்டேன்.

அம்மாவுக்கு ஒரு காய்ச்சலில் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. நாற்காலியோடு தூக்கி வந்து காருக்குள் மாற்ற வேண்டும். அது உயரமான பழைய அமெரிக்க வண்டி. ஒருமுறை ஏற்றும்போது அம்மா நழுவிக் கீழே விழப் பார்த்தார். அதன்பிறகு ஐயா அரியலூர் ரயிலடியில் பட்டறை வைத்திருந்த பாயிடம் சொல்லி, பின்பக்க ஸ்பிரிங்குகளில் இரண்டிரண்டு பட்டைகளை உருவச் செய்தார். வண்டியின் பின்பாகம் நாலு விரற்கடை இறங்கியது. நாற்காலியும் சீட்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்தன. பள்ளத்தில் இறங்கினால் அடியில் 'டம்' என்று இடிக்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்த நேரம். வாரத்துக்கு ஒரே பயணம்தான் கட்டுப்படியாகும். சனிக்கிழமை காலையில் புறப்பட்டு, அரியலூர் வழியாக ஏலாக்குறிச்சி மாதா கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்புவோம். ஐயா வலப்பக்கம், அம்மா இடப்பக்கம். அரியலூருக்கு முன்னால் ஒரு ஓடை வரும். மழை அரித்து அரித்து வெளுத்துப்போன பூமி. அங்கே தரையெல்லாம் கல்லாகிப்போன நத்தைகளும் சிப்பிகளும் கிடக்கும். ஒரு காலத்தில் அது கடலாக இருந்ததாம். அந்த இடம் வந்ததும் அம்மா தன் மோதிரத்தால் முன்சீட்டின் மரச்சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் நிறுத்திவிட்டு இறங்கிப் போய், நல்லதாக ஒன்றிரண்டு பொறுக்கிவந்து கொடுப்பேன். பழைய சேலைத் துண்டில் ஒவ்வொன்றாகச் சுற்றி முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சே தனி. இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவிடுவார். நகத்தால் நோண்டினால்தான் அவிழும்.

"எதுக்கும்மா இத்தனை கல்லு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நடக்க முடியாம கெடந்து கல்லாப் போனதுங்கடா. வூட்டுக்காச்சும் கூட்டிட்டுப் போவோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறு வருஷம் மார்கழியில் அம்மா இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த முதல் சனிக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு ஐயா வந்து காரில் ஏறினார். வலப்பக்கமே உட்கார்ந்தார். இடப்பக்கம் அம்மாவின் தலையணையும் சால்வையும் இருந்தபடியே இருந்தன. "அந்தப் பக்கம் நீ தொட வேணாம்ப்பா" என்றார். கழுவித் துடைக்கும்போதும் நான் அதைத் தொடவில்லை. அம்மா காலில் தேய்த்த தைல வாசனை மட்டும் வண்டிக்குள் நின்றது.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஓடைப் பக்கம் வந்தபோது முதுகுக்குப் பின்னால் 'டொக், டொக்' என்று கேட்டது. பழக்கத்தில் என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி நின்ற பிறகுதான் உடம்பு சில்லிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஐயாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன, விரல்களுக்குள் ஜெபமாலை. அவர் என்னைப் பார்க்கவில்லை, இடப்பக்கச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்ல, போய்க் கொண்டா" என்று மட்டும் சொன்னார்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போய்த் திரும்பக் கால்மணி நேரம் ஆனது. வந்து பார்க்கையில் ஐயா பழையபடி உட்கார்ந்திருந்தார். செருப்பில் மட்டும் வெள்ளை மண். அதற்குப் பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த இடத்தில் தட்டும் சத்தம் கேட்டது. நானும் நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குப் போனேன்.

வண்டி இடப்பக்கம் சாய்ந்திருப்பதை முதலில் சொன்னது நானல்ல. களை வெட்டிவிட்டு வந்த ஒரு பெண் சாலையோரம் நின்று, அம்மா இருந்தபோது கும்பிடுவதுபோலவே இடப்பக்க ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் இறங்கி, "ஏம்மா, அம்மாதான் தவறிட்டாங்களே, தெரியாதா?" என்றேன்.

"தெரியும்ங்க. வண்டி அந்தப் பக்கமா தணிஞ்சு வந்துச்சா, அம்மா உக்காந்திருக்காங்கன்னு கும்புட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக வரப்பில் இறங்கிவிட்டாள்.

அன்று மத்தியானம் வண்டியை நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் நிறுத்தி, பின்னால் பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தேன். பின் சக்கரங்கள் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கால் அகட்டி நிற்கும் மாடு மாதிரி இருந்தன. இடது சக்கரத்தில் சாய்வு அதிகம். டயரின் உள்ஓரம் தேய்ந்து நூல் தெரிந்தது, வெளிஓரம் புதிது போல இருந்தது. வண்டிக்குள் ஆள் கிடையாது. வெயில் உச்சியில் இருந்தது. ஆனாலும் பாரம் ஏற்றிய வண்டி மாதிரிதான் அது உட்கார்ந்திருந்தது.

புது டயருக்குப் பெர்மிட் வேண்டும், கிடைக்காது. புது அச்சைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வண்டியைப் பாயிடம் கொண்டுபோனேன்.

பாய் வண்டிக்கடியில் நுழைந்து பார்த்துவிட்டு வந்தார். "அச்சுக் கூடு வளைஞ்சிருக்கு தம்பி. நடுவுல தொங்குது, ரெண்டு நுனியும் மேல தூக்கிட்டு நிக்குது. அதான் சக்கரம் சாயுது. பயப்படாதீங்க, இன்ஷா அல்லாஹ் ஒரு ஜாக்கியிலேயே நிமித்திடலாம்."

செலவில்லாத வைத்தியம்தான். ரயில்வேயில் கழித்துப் போட்ட தண்டவாளத் துண்டு ஒன்றை அச்சுக்குக் கீழே குறுக்காக வைத்தார். அச்சின் இரண்டு நுனிகளையும் மரம் கட்டும் சங்கிலியால் தண்டவாளத்தோடு இறுக்கிக் கட்டினார். வளைந்த இடத்துக்கு நேர் கீழே ஜாக்கியை நிறுத்தித் திருகினார். நுனிகள் கீழே கட்டுண்டு கிடக்க, நடுப்பாகம் மேலே போயாக வேண்டும். சங்கிலி முனகியது.

"நேரா வந்ததும் விட்டுடக் கூடாது. இரும்பு ரோஷக்காரன், பழைய எடத்துக்கே போவான். கொஞ்சம் தாண்டித் தள்ளி விடணும்" என்று இன்னும் அரைத் திருகு கொடுத்துச் சற்று நேரம் நிறுத்திவைத்தார்.

பிறகு நூலில் ஒரு நட்டைக் கட்டிச் சக்கரத்தின் முன் தொங்கவிட்டார். விளிம்பின் மேல் நுனிக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியும், கீழ் நுனிக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியும் ஒன்றாக இருந்தால் சக்கரம் நேராக நிற்கிறது என்று அர்த்தம். வலது சக்கரத்தில் நட்டு உடனே அமைதியாகிவிட்டது. இடது சக்கரத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டு தரம் பாய் விரலால் பிடித்து நிறுத்தினார், விட்டதும் ஆடியது. காற்று இல்லை. ரயிலும் வரவில்லை. மூன்றாம் தரம் நின்றது. அளவு சரியாக இருந்தது. பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சங்கிலியைக் கழற்றினார்.

மூன்று வாரம் சக்கரங்கள் நேராக நின்றன. நாலாவது சனிக்கிழமை திரும்பி வந்ததும் நூல் கட்டிப் பார்த்தேன். இடது சக்கரம் மறுபடி உள்ளே சாய ஆரம்பித்திருந்தது. அடுத்த வாரம் கண்ணாலேயே தெரிந்தது. ஏலாக்குறிச்சியில் பூ விற்கும் கிழவி வண்டியைக் கண்டதும் எழுந்து வந்து, பழக்க தோஷத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து, யாரோ இறங்கட்டும் என்பதுபோல ஒதுங்கி நின்றாள். பிறகு உள்ளே பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஐயாவிடம் சொன்னேன். "அப்படியா, அரியலூர்ல காட்டிட்டே போவோம்" என்றார். திரும்பும்போது அவரும் பட்டறைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார வைத்தேன்.

பாய் அடியில் நுழைந்து பார்த்து, வெளியே வந்து, கையைத் துடைத்தபடி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது ரோடு பண்ணுன வேலை இல்ல தம்பி, கனம் பண்ணுன வேலை. யாரை ஏத்திட்டுப் போறீங்க?"

"ஐயா ஒருத்தர்தான் பாய். அவரும் வலப்பக்கம்."

"அப்ப இடப்பக்கம்?"

இடப்பக்கச் சீட்டுக்கு அடியில் பூட்டிய பெட்டி ஒன்று உண்டு, சாவி ஐயாவிடம் இருக்கிறது என்றேன். பாய் நேரே ஐயாவிடம் போனார். "மன்னிக்கணும்ங்க. பின்சீட்டுக்கு அடியில பொட்டி இருக்குல்ல, அதைத் தொறந்து பாக்கணும். சாவி உங்ககிட்ட இருக்குன்னு தம்பி சொல்லுது."

ஐயா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீயே எடு. அவளுக்குப் பொறுக்கிக் குடுத்தவன் நீதானே."

தலையணையையும் சால்வையையும் முதன்முதலாகத் தொட்டேன். அவற்றை முன்சீட்டில் வைத்துவிட்டு, சீட்டைத் தூக்கிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வைக்கோல் பரப்பி, விளிம்புவரை சேலைத் துணிப் பொட்டலங்கள். ஒன்றை எடுத்தேன், கனத்தது. கல் நத்தை. அடுத்ததும் அதேதான். முதுகெலும்புத் துண்டு போல ஒன்று, ஆட்டுக் கொம்பு போலச் சுருண்டது ஒன்று. பாய் இறக்கி இறக்கி வைத்துக் களைத்துப்போனார். இரண்டு நெல் மூட்டைக் கனமாவது இருக்கும்.

ஐயா எழுந்து வந்து நின்றார். "அடக்கம் முடிஞ்சு மொதல் சனிக்கெழமை போனோமே, அன்னிக்கு வண்டி லேசாத் துள்ளிக்கிட்டே போச்சு. அவள விட்டுட்டு ஓடுற மாதிரி இருந்துச்சு. தாங்க முடியல. அலமாரியில அவ வச்சிருந்ததையெல்லாம் கொண்டாந்து இதுல வச்சேன். அப்புறம் வாராவாரம் நானே பொறுக்க ஆரம்பிச்சேன். அவ கனம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு..."

எனக்கு நெஞ்சு லேசானது. தட்டும் சத்தமும் விளங்கிவிட்டது. ஓடைக்கு முன்னால் இரண்டு பள்ளங்கள் அடுத்தடுத்து உண்டு. தணிந்த வண்டி அவற்றில் இறங்கும்போது கற்கள் பெட்டியில் முட்டியிருக்கும். பாயிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

அந்த நேரத்தில் ஐயா ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போன வாரம் எடுத்தது. கொம்பு மாதிரி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கு" என்றவர், சட்டென்று முகம் வெளுத்தார். "நான் முடிச்சுப் போடலியேப்பா. எனக்கு முடிச்சே போட வராது. சும்மா சுத்தித்தான் வைப்பேன்."

எல்லாப் பொட்டலங்களையும் பார்த்தோம். ஒன்று விடாமல் முடிச்சு இருந்தது. இடப்பக்கமாக இரண்டு சுற்று, நுனி உள்ளே. ஒன்றை அவிழ்க்கப் பார்த்தேன், நகத்தால் நோண்ட வேண்டியிருந்தது.

சாவி தன் இடுப்பை விட்டு அகன்றதில்லை என்று ஐயா சொன்னார். துக்கத்தில் அவரே தன்னை மறந்து போட்டிருப்பார் என்று பாய் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். ஆனால் பின்னாட்களில் ஐயா மூட்டை கட்டுவதையும் வேட்டியில் சில்லறை முடிவதையும் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அவிழ்ந்து அவிழ்ந்து போகும். எனக்கு இன்றுவரை இதற்கு விளக்கம் கிடையாது.

அச்சை மறுபடி நிமிர்த்தினோம். "உருவுன பட்டைய திரும்பச் சேத்து வண்டிய ஒசத்திடவாங்க? என்கிட்டதான் கெடக்கு" என்று பாய் கேட்டார். ஐயா வேண்டாம் என்று தலையசைத்தார். அச்சும் வண்டிச் சட்டமும் முட்டும் இடத்தில் பாய் பழைய டயர் ரப்பரை வெட்டி முட்டுக்கொடுத்தார், இனிமேல் இரும்பில் இரும்பு இடிக்காமல் இருக்க.

மறுநாள் மாட்டு வண்டியில் கற்களை ஏற்றிக்கொண்டு ஓடைக்குப் போனோம். அத்தனை நாளும் சாலையோரத்தில் பொறுக்கிக்கொண்டு திரும்பியவன், அன்றுதான் உள்ளே இறங்கினேன். வெள்ளை மண்ணில் கண் கூசியது. குருவிச் சத்தம்கூட இல்லை. காலடியில் எங்கே பார்த்தாலும் சுருண்டும் விரிந்தும் கல்லான உயிர்கள், வரிவரியாக, ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருந்தபோது யாரோ நில் என்று சொன்னதுபோல. நான் முடிச்சுகளை அவிழ்த்துக் கொடுக்கக் கொடுக்க, ஐயா ஒவ்வொரு கல்லாகக் குனிந்து வைத்தார். எறியவில்லை. துணிகளை மட்டும் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். முடிய மத்தியானம் ஆகிவிட்டது. கடைசிக் கல்லை வைத்துவிட்டு, "போவோம்" என்றார். என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஓடையைக் கடக்கும்போது என் காது முதுகிலேயே இருந்தது. பள்ளங்களில் வண்டி இறங்கி ஏறியது. சத்தம் வரவில்லை. நான் நிறுத்தவில்லை, ஐயாவும் நிறுத்தச் சொல்லவில்லை. அரியலூர் வரை எனக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது.

சக்கரங்கள் அதற்குப் பிறகு சாயவே இல்லை. அந்த டயரையே உள்பக்கம் வெளிப்பக்கமாக மாற்றி மாட்டி, யுத்தம் முடியும்வரை ஓட்டினேன். பிறகு பெரம்பலூரில் பஸ் ஓட்ட வேலை கிடைத்தது. புதிதாக வந்த டிரைவரிடம் வண்டியை ஒப்படைத்தபோது, ரேடியேட்டர் சூடாகும், மாதம் ஒருமுறை நூல் கட்டிப் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொள் என்பதையெல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். ஐயா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். நான் ஏறிய பஸ் செந்துறையைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.