கரையாலை போ: கார்ட்டியர்வில்லில் இருந்து இல்-பிசார் படகுத்துறை வரை

என் மகள் மதுராவுக்குப் பதினைந்து வயது. செப்டெம்பரில் இருந்து பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போவேன் என்று வசந்தம் முழுக்க என்னை அரித்தெடுத்தாள். பள்ளியில் எட்டு வாரம் வீதிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், கடைசி நாள் வீதியில் ஓட்டிக் காட்டித் தேறியும் இருந்தாள். எனக்கு அந்தச் சான்றிதழ்த் தாளில் நம்பிக்கை இல்லை. "என்னோட ஒருக்கா ஓடிக் காட்டு, பேந்து பாப்பம்" என்றேன். ஜூன் கடைசிச் சனிக்கிழமை இந்தப் பயணம் அப்படித்தான் தொடங்கியது. கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டிலிருந்து இல்-பிசார் தீவின் படகுத்துறை வரை, போக மட்டும் 16 கிலோமீற்றர். அங்கிருந்து ஆற்றின் மறுபக்கம் லவாலுக்குக் கோடையில் ஒரு சிறு படகு ஓடும். அதில் போய்த் திரும்புவது திட்டம். பள்ளிக்குச் சைக்கிள் உண்டா இல்லையா என்பது வீடு திரும்பியபின் முடிவாகும்.

காலை 7.40க்குப் புறப்பட்டோம். ஆற்றை ஒட்டிப் போகும் குவான் வீதியில் அந்த நேரம் சன நடமாட்டம் குறைவு. அவள் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கால் ஊன்றி நின்றாள், திரும்பமுன் தோளுக்கு மேலால் பார்த்தாள், கையை நீட்டிக் காட்டினாள். குறை பிடிக்க வந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. யாழ்ப்பாணத்தில் மினிபஸ்களுக்குப் பக்கத்தில் ஓடி வளர்ந்தவள் நான், எட்டு வார வகுப்பு என்ன பெரிதாகக் கற்றுத் தந்துவிடும் என்ற எண்ணம்.

ஏழாவது கிலோமீற்றர் அளவில் சைக்கிள் பாதை முடிந்து, வலப்பக்கம் வரிசையாகக் கார்கள் நின்றன. மதுரா ஒரு மீற்றர் விலகி வீதிக்குள் போனாள். பின்னால் வந்த கார் ஒன்று ஹோர்ன் அடித்தது. நான் பின்னாலிருந்து கத்தினேன்.

"கரையாலை போ, பிள்ளை."

"இல்லையம்மா, கார்க் கதவுக்குக் கிட்டப் போகக்கூடாது எண்டு சொல்லித் தந்தவை. ஒரு மீற்றர் விடோணும்."

"சொன்னதைக் கேள். கரையாலை போ."

எங்கள் வீடுகளில் சைக்கிள் எடுக்கிற எந்தப் பிள்ளையும் படலை தாண்டமுன் கேட்கிற சொல் அது. யாழ்ப்பாணத்தில் கரை என்றால் மணலும் புல்லும். விழுந்தாலும் முழங்கால்தான் உரசும். இங்கே கரை முழுக்கக் கார்க் கதவுகள் என்பது, இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும் என் மண்டையில் ஏறவில்லை.

அவள் கரைக்கு வந்தாள். நான்காவது காரின் கதவு திறந்தது. அதில் மோதி வீதிப்பக்கம் தூக்கி எறியப்பட்டாள். பின்னால் வந்த பஸ் கிரீச்சிட்டு நின்றது. அதன் முன்சில்லுக்கும் அவளுடைய ஹெல்மெட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று நான் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையில் என்னால் சரியாகச் சொல்ல முடியாத ஒரே தூரம் அதுதான்.

கதவைத் திறந்த பெண் "தெசோலே, தெசோலே" என்று மன்னிப்புக் கேட்டு அழுதாள். பஸ் சாரதி இறங்கி வந்து மதுராவுக்குப் பக்கத்தில் குந்தினார். ஏன் கார்களுக்கு இவ்வளவு கிட்டப் போனாய் என்று பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார். அடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டே அவள் பிரெஞ்சில் சொன்ன பதில் எனக்கு விளங்கியது. தன்னுடைய பிழை, கவனிக்கவில்லை என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் எனக்குச் சுடுவது அதுதான்.

மணிக்கட்டில் வெடிப்பு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்று பின்னேரம் அவளுக்குச் சோறு குழைத்து ஊட்டும்போது, படித்ததை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். கேட்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

"வகுப்பிலை ஆரும் பின்னாலை நிண்டு கத்தேல்லை அம்மா" என்றாள்.

அவளுக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்தபின், அவளுடைய வகுப்புக் கொப்பியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன்.

கட்டு அவிழ்த்து இரண்டு வாரம் கழித்து, ஓகஸ்ட் கடைசியில் அதே வழியால் திரும்பப் போனோம். இந்த முறை நானும் ஒரு மீற்றர் தள்ளியே ஓடினேன். ஹோர்ன் சத்தம் இரண்டு தரம் கேட்டது. துறைக்கு 9.10க்குப் போய்ச் சேர்ந்தோம். குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்து ஆற்றைக் கடக்கும் படகு அது. ஆளுக்கு இரண்டு டொலர் சில்லறையாகக் கொடுத்தோம். சில நிமிடத்தில் லவால் வந்துவிட்டது. வரும்போது அவள்தான் முதலில் சிரித்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: தீவில் பஸ் குறைவு, ரியூப் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும். ஆற்றில் தண்ணீர் மட்டம் சரியில்லாவிட்டால் படகு ஓடாது, புறப்படமுன் விசாரியுங்கள். இந்த வகுப்புகளால் பிரயோசனம் உண்டா என்று கோயிலில் கண்ட இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். உண்டு. என் பிள்ளை எல்லாம் சரியாகப் படித்திருந்தாள். எட்டு வாரப் படிப்பை அழிக்க எனக்கு இரண்டு சொல் போதுமாக இருந்தது. பிள்ளையின் கொப்பியை நீங்களும் வாசியுங்கள். வாசிக்காவிட்டால், பின்னால் போகும்போது வாயை மூடிக்கொண்டாவது போங்கள்.

செப்டெம்பர் முதல் கிழமை, பள்ளிக்குப் புறப்பட்ட மதுரா சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"என்னம்மா, ஒண்டும் சொல்லேல்லையே?"

"கரையை விட்டுப் போ, பிள்ளை."

நின்ற கார்களில் இருந்து ஒரு மீற்றர் தள்ளிப் போனாள். பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்தது. அவள் விலகவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.